அழுத்தக்காரி

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் புள்ளை, கோயமுத்தூரில் ஒரு காலேஜில் மனசைப் பற்றிப் படிக்கிறாள். வயசுப் புள்ளைகள் கஷ்டம் வந்தால் எவ்வளவு தாங்குவார்கள், விழுந்தால் எப்படி எழுந்திரிப்பார்கள் என்று அளந்து பார்க்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் முன்னால் வாசித்துப் பழக ஒரு ஆள் வேண்டுமாம். நான் அஞ்சாவதோடு நின்றவள். இருந்தாலும், "பதிமூணு வயசுல நான் எப்படி இருந்தேனோ அப்படியே சொல்றேன், குறிச்சுக்க கண்ணு" என்று எதிரில் உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியிலேயே தகராறு.

"அழுத்தம் அதிகமா இருந்துச்சுங்களா பாட்டி?"

"நெறைய இருந்துச்சு. ஊரே சொல்லும்" என்றேன்.

புள்ளை என்னைப் பாவமாகப் பார்த்தாள். அவள் படிப்பில் அழுத்தம் என்றால் மனசின் மேல் ஏறி உட்காரும் சுமையாம். எங்கள் பக்கம் அழுத்தம் என்றால், என்ன வந்தாலும் வாய் திறக்காத குணம். அழுத்தக்காரி என்ற பேரை நான் சும்மா வாங்கவில்லை.

கோபிக்குப் பக்கம் எங்கள் ஊர். அப்பா விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, மாரியம்மன் நோம்பிக்கு மூன்று வருசம் பவானி ஆற்றிலிருந்து தீர்த்தக்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். இரண்டு வருசம் எடுத்தும்விட்டாள். மூன்றாம் வருசம், நோம்பி சாட்டி நாள் குறித்த பிறகு, வாழைக்காட்டு வரப்பில் சறுக்கி விழுந்தாள். கால் எலும்பு விட்டுப்போய், மூங்கில் பட்டை வைத்துக் கட்டிப் படுத்திருந்தாள். வேண்டுதல் பாதியில் நின்றால் அப்பாவுக்கு மறுபடி என்ன ஆகுமோ என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அதையேதான் நினைத்தோம். "நான் எடுக்கறேன்" என்றேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினாள்: "கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் குடத்த எறக்கக் கூடாது கண்ணு."

ஆற்றிலிருந்து நாலு மைல். முன்னால் மேளம், எனக்குப் பின்னால் அத்தை. பாதி வழியில் இட்டேரி வந்தது. இரண்டு பக்கமும் கள்ளிவேலி நெருக்கும் வண்டித்தடம். அங்கே என் குதிகாலில் வேலமுள் ஏறியது. முழுசும் உள்ளே போய்விட்டது.

கூடக் குடம் எடுத்து வந்த மற்ற பொம்பளைகள் தண்ணி குடிக்கவும் கொண்டை முடியவும் குடத்தை அடுத்தவள் கைக்கு மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு வந்தார்கள். சாமி காரியத்தில் இப்படியா என்று எனக்கு அவர்கள் மேல் இளக்காரம்.

"ஏங்கண்ணு கெந்திக் கெந்தி நடக்கறே?" என்றாள் அத்தை.

"மண்ணு சுடுதுங்கத்தே."

"எல்லாத்துக்குந்தான் சுடுது. நீ மட்டும் எதுக்குக் கொக்காட்ட நடக்கறே? குடத்தக் குடு, செத்த நேரம் புடிக்கறேன்."

"வேண்டாங்க."

"உங்கப்பனாட்டவே முரடு."

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் வேண்டாங்க. கோயிலில் பூசாரி குடத்தை வாங்கின பிறகுதான் அத்தை வாசல் கல்லில் என் ரத்தத் தடத்தைப் பார்த்தாள். "அழுத்தக்காரி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று திட்டிக்கொண்டே என்னை முதுகில் போட்டு வீட்டுக்குச் சுமந்து வந்தாள். வழியெல்லாம் சனம் நின்று பார்த்தது. அந்த முதுகில் நான் ராணி மாதிரி வந்தேன்.

இதைச் சொல்லி முடித்ததும் மாடிப் புள்ளை அடுத்த கேள்வியை வாசித்தாள். சிரமம் வந்தால் பிறரிடம் உதவி கேட்பேன்: எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை.

"ஒருபோதும் இல்லை. நல்லா அழுத்திப் போடு" என்றேன்.

"அதுக்கு மார்க் கொறையுங்க பாட்டி. கேக்கறதும் ஒரு தெம்புதானுங்க."

"அப்ப உன்ற கேள்வியிலதான் கோளாறு."

இன்றைக்கும் அதுதான் என் கட்சி. அப்பா எண்பது தாண்டி இருந்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் அன்றைக்குப் பொழுதிறங்குகையில் நடந்த ஒன்றை அந்தப் புள்ளையிடம் நான் சொல்லவில்லை.

அம்மா படுக்கையிலிருந்து எக்கி உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து, ஊக்கை நெருப்பில் காட்டி முள்ளை எடுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "தரையில எறக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்? அத்தை கையில குடுக்கக் கூடாதுன்னா சொன்னேன் கண்ணு?" என்று கேட்டாள். நாலு மைல் நடந்து வந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு ரோசம். அம்மா என் காலை விடாமல், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

கட்டு இறுகி அவளுக்குக் கால் வலிக்கிறது போலிருக்கிறது, அவளும் என்னைப் போல அழுத்தக்காரி, கேட்டாலும் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். நானாகவே குனிந்து, அந்த மூங்கில் பட்டையின் முடிச்சைக் கொஞ்சம் இளக்கிவிட்டேன்.