மெஞ்சியா அறுத்த கம்பங்கள்

மெஞ்சியா காத்ருவியை அடக்கம் செய்த அன்று, அவள் முப்பது ஆண்டுகள் கட்டட வரைபடம் போட்டுக் கொடுத்த மாட்டுக்கொட்டகைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ரைன் நதி இன்னும் ஓடையாகவே இருக்கும் எங்கள் சுவிஸ் பள்ளத்தாக்கில், பாறையடிச் சரிவில் அவள் தனக்கென்று கட்டிக்கொண்ட கான்கிரீட் வீட்டைப் பற்றியே பேசினார்கள்.

அந்த வீட்டில் அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு மாடி அறை. எதிர்ச் சிகரம் முழுதாகத் தெரியும் ஜன்னலோடு.

இங்கே வீடு கட்ட நினைப்பவர் முதலில் அதன் உயரத்துக்குக் கம்பங்கள் நட வேண்டும். இருபது நாள் ஊர் பார்க்கும். மறுப்பிருந்தால் எழுதிக் கொடுக்கலாம். பத்தொன்பதாம் நாள், சரிவில் அவளுக்கு மேலே குடியிருந்த பார்க்லமியு அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பாலாடைக்கட்டி செய்து ஓய்ந்தவர். அந்தக் குளிர்காலத்தில்தான் மனைவியை இழந்திருந்தார்.

"அங்க இல்ல, இந்த நாற்காலில உக்காரு. கடைசி மூணு மாசம் அவ இங்கயேதான் இருந்தா."

உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய கம்பம் சிகரத்தை நடுவில் பிளந்து நின்றது.

"எழுதிக் குடுத்துட்டீங்களா அண்ணே?"

"உனக்கு எதிரா எழுத கை வரல. நீயே பாத்துக்கோ."

"அரை மீட்டர் தாழ்த்தினா போதுமா?"

"சந்தையில கன்னுக்குட்டிக்குப் பேரம் பேசுற மாதிரில்ல பேசுற!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் தன் கம்பங்களைத் தானே ரம்பத்தால் அறுத்தாள். மாடி போயிற்று. அறைகள் சரிவுக்குள் இறங்கும்படி புதிதாக வரைந்து, இன்னொரு இருபது நாள் காத்திருந்தாள். கான்கிரீட்டுக்கு எங்கள் ஓடையின் மணலையும் சரளையையும் மட்டுமே சேர்க்கச் சொன்னாள்.

அக்டோபரில் அச்சுப் பலகைகளைப் பிரித்தபோது சுவர் வெளிறித் தனியாகத் தெரிந்தது. அவள் முகம் சுருங்கியது. பிறகு மழை பிடித்தது. பின்னாலிருந்த பாறை திட்டுத் திட்டாகக் கறுத்தது. சுவரும் அதே நிறத்தில், அதே வேகத்தில் கறுத்தது. வேலையாட்கள் கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். ஒவ்வொரு கோட்டையும் தானே வரைந்தவளுக்கு, பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

இறங்கி வந்த பார்க்லமியு நனைந்துகொண்டே நின்றார். "மாடி அறை போச்சேன்னு வருத்தமா இருக்கா?"

"சும்மா இருங்கண்ணே," என்றாள் மெஞ்சியா. "பாக்க விடுங்க."