ஓரகத்தியின் வாழைத்தோப்பு

டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் வாழைத்தோப்பைப் பாகம் பிரித்தார்கள். கொழுந்தன் மனைவியான என் ஓரகத்தி செல்வியின் பக்கம் தார் தாராகக் காய்த்தது. என் வாழைகளோ குலை தள்ளும் முன்பே ஒடிந்து விழுந்தன. வயிறெரிந்து அவளோடு பேச்சையே நிறுத்தினேன்.

ஒருநாள் அவளே வரப்பைத் தாண்டி வந்து, என் மரத்தில் பிசின் வடிந்த ஒரு தண்டைக் கீறிக் காட்டினாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன, நீண்ட மூக்குள்ள கறுப்பு வண்டுகள் ஊர்ந்தன.

"கூன்வண்டுக்கா. இம்புட்டு நாளா சொல்லாம இருந்திட்டீங்களே!"

"உன் தோப்புக்கும் வந்துரும்னு பயந்துதான வந்த?" என்றேன்.

"ஆமாக்கா. ஆனா உங்க மரம் விழுகுறதையும் பாக்க முடியல."

பிளந்த தண்டுகளின் வாடைக்கு வண்டுகள் வந்து சேரும் என்பதால், அவற்றையே பொறியாக வைத்து இருவரும் வண்டுகளைப் பிடித்தோம். மிச்ச மரங்கள் பிழைத்தன. பேசாதவளிடம் வலிய வரும் மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று அவள்மேல் இன்னும் பொறாமைப்படுகிறேன்.