ஆறுக்குக் கீழே ஒரு புள்ளி

1993, ஜூன் மாத ஞாயிறு. காலை 9.10, மாம்பலம்.

மின்சார ரயிலில் ஏறியபோது என் சட்டைப் பையில் தாம்பரத்துக்கு ஒரு டிக்கெட், ஒரு பூதக்கண்ணாடி. தலைக்குள் ஒரு ஞானம். ஞானத்தின் கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதியத்துக்குள் அது காலியாகிவிட்டது.

நான் பழைய ஜப்பான் ஆட்டோமேட்டிக் வாட்சுகள் சேர்ப்பவன். சாவி வேண்டாம், பேட்டரி வேண்டாம், கை ஆடினால் தானே ஓடும். அதிலும் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற மெலிசான ரகம் மட்டும். பதினொன்று வைத்திருக்கிறேன், பெரும்பாலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிடித்தவை. "இருக்கிறது ஒரு கைதானே?" என்பாள் என் மனைவி. இரண்டு இருக்கிறது என்று காட்டுவேன்.

இந்தப் பொழுதுபோக்கில் பெரிய ஆபத்து, டயலை அழித்துப் புதிதாக வரைந்து அசல் என்று தலையில் கட்டுவது. அசலைக் கண்டுபிடிக்கும் வழியை நானே ஆராய்ந்து வைத்திருந்தேன். உண்மையான டயலில் ஆறு மணிக் கோட்டுக்குக் கீழே, கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். தொழிற்சாலையின் ரகசிய முத்திரை! என் பதினொன்றிலும் அது உண்டு. புள்ளி இல்லாதவற்றை "போலி" என்று உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நண்பர்களுக்கு இதைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பும் எடுப்பேன்.

மாடம்பாக்கத்தில் காதர் பாய் என்று ஒருவர், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யோகோஹாமாவில் தன் கையால் வாங்கிய வாட்சை விற்கிறார், இருபத்திரண்டு வருடமாக அதன் மூடியைக்கூட யாரும் திறந்ததில்லை என்று கேள்விப்பட்டேன். அன்றே தபால் கார்டு போட்டேன்: "ஆறுக்குக் கீழே புள்ளி உள்ளதா? இருந்தால் மட்டுமே வாங்குவேன்." பதில் வந்தது: "ஞாயிறு வாருங்கள். எல்லாம் சரியாக இருக்கும்." அந்த வாட்ச்தான் என் பன்னிரண்டாவது. மனதுக்குள் ஏற்கெனவே கட்டிவிட்டேன்.

9.50, தாம்பரம். கிழக்குப் பக்கம் இறங்கி ராஜகீழ்ப்பாக்கம் வரை பஸ், ஒன்றரை ரூபாய். அங்கிருந்து மாடம்பாக்கத்துக்கு ஆட்டோ, பத்து ரூபாய்.

"கோயிலுக்கா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க, ஒரு வாட்ச் பாக்கணும்."

"வாட்ச் பாக்க இம்மாந்தூரமா? இன்னா சார், என் கையிலயே கீதே, பாத்துக்கோ."

10.40, பாய் வீடு. டீயும் பட்டர் பிஸ்கட்டும் வந்தன. வாட்ச் வரவில்லை.

"வாட்ச் எங்க பாய்?"

"மேற்குத் தாம்பரத்துல இருக்கு சார். நீங்க கேட்ட புள்ளி அதுல இல்ல. நானும் பாத்தேன், மருமகளையும் பாக்கச் சொன்னேன். இவ்ளோ தூரத்துலேருந்து வர்ற மனுஷன் ஒரு புள்ளிக்காக வெறுங்கையோட போகணுமா? அதான் மார்க்கெட்ல டயல் போடற தாஸ்கிட்ட நேத்து சாயந்திரம் குடுத்துட்டேன். புள்ளி வெச்சுத் தரேன்னாரு."

என் பிஸ்கட் டீக்குள் விழுந்து மூழ்கியது. ஜப்பானிலேயே வாங்கிய வாட்சில் புள்ளி இல்லையா? அப்படியானால் யோகோஹாமாக்காரனே பாயை ஏமாற்றிவிட்டானா என்றுதான் யோசித்தேன். என் ஞானம் தப்பாக இருக்கலாம் என்பது மட்டும் தோன்றவே இல்லை. எதுவானாலும் சரி, அந்த டயலில் தூரிகை படக்கூடாது.

"பாய், கிளம்புங்க!"

11.20, தாம்பரம் ரயில்வே கேட். மூடியிருந்தது. மின்சார ரயில் ஒன்று போனது. கேட் திறக்கவில்லை. சரக்கு ரயில் ஒன்று, பெட்டி பெட்டியாக என் பொறுமையை எண்ணிக்கொண்டே போனது. ஆட்டோவுக்குக் காசைக் கொடுத்துவிட்டு மேம்பாலப் படிகளில் ஓடினேன். பின்னால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய். எனக்கு மூச்சு வாங்கியது. அறுபது தாண்டிய பாய் என்னை முந்திவிட்டார்.

11.35, மார்க்கெட். மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டிக்கடை. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு தாஸ் உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"இன்னாத்த சார் நிறுத்தறது?" என்று இடுக்கியால் ஒரு தகட்டைத் தூக்கிக் காட்டினார். மொட்டையான வெள்ளித் தகடு. பெயர் இல்லை, எழுத்து இல்லை, ஒரு கோடுகூட இல்லை.

"பாய் புள்ளிதானே கேட்டாரு?" என்றேன்.

"பழைய பெயின்ட் மேல புள்ளி வெச்சா தனியா துருத்திக்கினு நிக்கும் சார். அதான் காலைலயே மொத்தமா தேச்சுட்டேன். இன்னா பேரு போடட்டும்? அதே கம்பெனியா, இல்ல சுவிஸ்ஸு போட்டுரலாமா? கெத்தா இருக்கும்."

நான் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் பார்வை நான் கட்டியிருந்த வாட்சில் விழுந்தது. கையைப் பிடித்து இழுத்தார்.

"அட, நம்ம வேலையாச்சே இது!"

"இல்லை, இது அசல்," என்றேன். "ஆறுக்குக் கீழே புள்ளி இருக்கு பாருங்க. வீட்டுல இருக்கறதையும் சேத்துப் பதினொண்ணு, எல்லாத்துலயும் இருக்கு."

"நான் வெச்சதுதான் சார் அது! பெயின்ட் உரிஞ்சு திரும்பி வந்தா காசு வாங்காம போட்டுக் குடுப்பேன். நம்ம வேலையா, வேற ஆளு வேலையான்னு தெரிய வேணாமா? அதுக்கு அடையாளம். பல்லாவரம் சந்தைக்குப் போறதுல பாதி நம்ம கைதான்."

பதினொன்று. பதினொன்றும் மாடிப்படிக்கு அடியில் பிறந்தவை. நான் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தவை ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்து போயின.

"அப்ப புள்ளி இல்லாததுதான் அசலா சார்?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம் பாய்."

"அப்ப என்னோடது..."

"அசல்தான். இன்னைக்குக் காலை வரைக்கும். தப்பு உங்க மேல இல்ல பாய், என் கார்டு மேல."

பாய் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ என் தோளைத் தட்டிவிட்டு, "ஆனது ஆச்சு. சார் கையில இருக்கற மாதிரியே போட்டுக் குடு தாஸ்," என்றார். மாதிரிக்காக என் வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தன் படைப்பைப் பார்த்துத் தானே காப்பியடித்தார் தாஸ். குண்டு பல்பின் சூட்டில் டயல் காய்ந்தது.

2.15. வேலை முடிந்தது. பாய் கட்டிப் பார்த்தார். கையைத் திருப்பினார், நீட்டினார், பக்கத்து சலூன் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இதுல மணி மட்டும்தான் சார் பாத்திருக்கேன். இவ்ளோ அழகா இருக்கும்னு தெரியாது. பேத்தி நிக்காவுக்கு நானே கட்டிக்கப் போறேன். விக்கல."

"பாய், உள்ளே இருக்கற மெஷின் இன்னும் அசல்தான். எனக்கு இப்பவும் அது வேணும்."

"உங்ககிட்டதான் பதினொண்ணு இருக்குங்கறீங்களே சார்."

"அல்லாமே நம்மளுதுதான்," என்று பெருமையாகத் தலையாட்டினார் தாஸ்.

3.05, மாம்பலம் திரும்பும் ரயில். தாம்பரத்துக்குப் போகாதவர்களுக்கு என் பரிந்துரை: ஊர் நல்ல ஊர். மாம்பலத்தில் கடைக்காரர் நம் பணப்பையைத்தான் பார்ப்பார். இங்கே முன்பின் தெரியாத ஒருவனின் மனம் கோணக்கூடாது என்று முதல்நாளே மெனக்கெடுகிறார்கள். எனவே வாட்ச் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டிக் கார்டு போட்டுவிடாதீர்கள்.