சுரண்டாமல் விட்ட பட்டை

அவரை வனத்துறை அலுவலகத்தில் எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். மலையேற வருகிறவர்கள் வழி தவறாமலிருக்க மரத்திலும் பாறையிலும் அடையாளம் வைப்பது அவர் வேலை. மரத்தில் தகடு அடித்தால் ஆணியை முழுசாக இறக்கமாட்டார், விரல் அகலம் வெளியே விடுவார். "மரம் பருக்கும்யா. இடம் விடலைன்னா தகட்டை முழுங்கிடும்" என்று புதிதாக வந்தவர்களிடமெல்லாம் ஓதி ஓதி, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பாறைக்குப் பெயின்ட் அடிப்பது அவர் மனைவி. அவளும் அங்கேதான் கூலி வேலை. பாறையைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, மஞ்சள் பெயின்டில் ஒரு பட்டையை இரண்டு தடவை பூசுவாள். ஆள் குள்ளம். அவள் கண்ணுக்கு நேராகத்தான் பட்டை விழும், நெட்டையர்கள் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கீழே வழியும் சொட்டைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டாச்சுங்க" என்பாள். பட்டைக்குப் பட்டை அவள் ரேகை இருந்தது.

ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மழையில் மலை சரிந்து பழைய பாதையில் ஒரு துண்டு போய்விட்டது. அந்த இடத்தைச் சுற்றிப் புதுப்பாதை வெட்டினார்கள். அடையாளம் எதில் வைத்தால் நாள்பட நிற்கும் என்று அதிகாரி கேட்டார். ஆணி அலுவலகத்துக்குப் பின்னால் கம்பம் நட்டு எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக் வெயிலில் விரிசல் விட்டது. துணிப் பட்டையைக் குரங்குகள் உருவிக்கொண்டு போயின. இரும்புத் தகடு துருப்பிடித்தது. அலுமினியம் அசையவில்லை.

"பெயின்ட் வேணாமா?" என்றார் அதிகாரி.

"அது நிக்காது சார். மங்கிடும்."

அப்படித்தான் அவர் நம்பினார். புது அடையாளம் வைத்தால் பழையதைச் சுரண்டிவிட வேண்டும், இரண்டும் இருந்தால் ஆள் குழம்பும். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பட்டைகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மனசு வரவில்லை. பாதை பிரிகிற இடத்தைத் தாண்டி, சரிந்த பக்கத்துப் பாறையில் இருந்தது. அதில் ரேகை அவ்வளவு தெளிவு. பிரிவில் முள்ளை வெட்டிப் போட்டு மறித்தார். இந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள், அதுவாக மங்கட்டும் என்று விட்டுவிட்டார். ஓய்வு நாளில் போய் அதன் எதிரே உட்கார்ந்திருப்பார்.

முள் காய்ந்தது. யாரோ விறகுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு காலை, மூடுபனி. பள்ளிக்கூட வயது மகளோடு மலையேற வந்த ஒருவர் பதறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முழங்காலும் சிராய்ப்பு.

"காலுக்குக் கீழ மண்ணே இல்ல சார். சடையைப் பிடிச்சு இழுத்தேன், இல்லேன்னா..." என்றார் அவர்.

"அந்தப் பக்கம் ஏன் போனீங்க?" என்றார் அதிகாரி.

பெண்தான் பதில் சொன்னாள். "மஞ்சள் இருந்துச்சு. அப்பா பார்க்கல, என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

ஆணி முன்னால் வந்தார். "நான் விட்டது சார்" என்றார். அதிகாரி ஏதோ திட்டினார், அவர் காதில் ஏறவில்லை. கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

பெயின்ட் லேசில் வரவில்லை. மங்கவும் இல்லை, உரியவும் இல்லை, பாறையோடு பாறையாகப் பிடித்திருந்தது. தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை விட்டுப்போனது. "ஒரு வேலையாவது அரைகுறையா செஞ்சிருக்கக் கூடாதாடி" என்று சொல்லிவிட்டு, விம்மி விம்மி அழுதார். அங்கே பார்க்க ஆள் யாரும் இல்லை.

ரேகையைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அவளுடையது சின்ன விரல். பிறகு அதையும் சுரண்டினார்.

பிரிவுக்குத் திரும்பி வந்து, கல்லை உருட்டி வழியை அடைத்தார். அந்தப் பெண்ணின் உயரத்துக்குக் குனிந்து, பாறைப் பக்கம் கண்ணை ஓட்டினார். அவர் மனைவியும் அந்த உயரம்தான். மஞ்சள் எங்குமே தெரியவில்லை.