பித்தளையில் ஒரு காப்பிக் கிளை

காப்பிப் பழம் பறித்து முடிந்த தை மாதத்தில் கண்டிக்குப் போனேன். பத்திரிகை வேலையாகப் பலமுறை போன ஊர்தான். இம்முறை வேலை எதுவும் இல்லை. மனைவி காலமான பிறகு விடுமுறை நாட்களைக் கொழும்பு வீட்டில் கழிப்பது கடினமாகிவிட்டது. கண்டிப் பக்கத்துப் பாக்குவெட்டிகளில் உளியால் பூவேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு புறப்பட்டேன்.

கொழும்பிலிருந்து ரயிலில் எழுபத்தைந்து மைல். காலையில் ஏறினால் பிற்பகலில் இறங்கலாம். கடுகண்ணாவை ஏற்றத்தைப் பார்க்க வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். என் எதிரே இருந்த இடம் கடைசி வரை காலியாகவே வந்தது.

மறுநாள் காலை கலகெதரப் பாதையில் மாட்டுவண்டி. ஒன்பது மைலுக்கு ஒரு ரூபாய்; கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சுங்கம் தனி. அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், நான் பேசவில்லை. பாதையை விட்டு இறங்கி வயல் வரப்பில் கொஞ்சம் நடந்தால் அப்புநைதேயின் கொட்டகை. அவர் சிங்களக் கம்மாளர், ஐம்பது வயதிருக்கும். பாக்குவெட்டியின் பித்தளைக் கைப்பிடியை அரக்குக் கட்டியில் அசையாமல் பதித்து, சின்ன உளியைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கோடு இழுப்பார். கொடி, தாமரை, கழுத்துப் பின்னிய இரட்டை அன்னம் ஆகியவை இந்தப் பக்கத்தின் வழக்கமான வேலைகள்.

நான் போனபோது அங்கே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அதாவது, ஒருவர் சிங்களத்திலும் மற்றவர் தமிழிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். தமிழ்க்காரர் மாரிமுத்து, புசல்லாவையில் ஒரு காப்பித் தோட்டத்துத் தொழிலாளி. பறிப்பு முடிந்து இந்தியாவுக்குத் திரும்பும் கூட்டத்தோடு வந்தவர். கூட்டம் கலகெதர அம்பலத்தில், அதாவது வழிப்போக்கர் மடத்தில், இராத் தங்கி, விடியும்போது கிளம்பிவிடும்.

“ஐயா, ரெண்டு பாசையும் தெரியுமா? நல்லதாப் போச்சு. இவருகிட்டச் சொல்லுங்க, எனக்கு அன்னம் வேணாம், காப்பிச் செடிதான் வேணும்னு.”

கரியால் பலகையில் அவர் வரைந்திருந்த செடியைப் பார்த்து அப்புநைதே சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்: “இது செடியா, கம்பி உடைந்த குடையா?”

“இவரு அன்னம் மட்டும் என்னவாம்? முடிச்சு விழுந்த கயிறு மாதிரி இருக்கு!”

அதையும் சொன்னேன். கம்மாளர் சிரித்துவிட்டார். ஆனால் இறங்கி வரவில்லை. செடியின் தலை வெட்டப்பட்டிருந்ததுதான் தகராறு. காப்பிச் செடியை இடுப்பு உயரத்துக்கு மேல் வளரவிட மாட்டார்கள், உச்சியை வெட்டிவிடுவார்கள். அப்புநைதேயின் வழக்கத்திலோ கொடிக்கு நுனி இருந்தாக வேண்டும். வெட்டுப்பட்ட செடியைச் செதுக்கி ஒரு குடும்பத்துக்குள் அனுப்ப மாட்டார்.

“அப்போ உச்சியோட செதுக்கட்டுமே” என்று நான் சமாதானம் சொன்னேன்.

மாரிமுத்துவின் குரல் இறங்கியது. “அது ஆகாதுங்கய்யா. என் சம்சாரத்தக் கூட்டியாரத்தான் போறேன். ஆள் கட்ட வந்தவனுங்க இங்க தேங்காயும் மாசிக் கருவாடும் செடிக்கு அடியில கெடக்குன்னானுங்க. அதுல இருந்து மலையப் பத்தி யாரு என்ன சொன்னாலும் அவ நம்புறதில்ல. நான் சொன்னாலும் பொய்யிங்கிறா. வெத்தல போடுறவ. கையில எடுத்துப் பார்க்கட்டும், இங்க வந்து நேர்லயும் பார்க்கட்டும். ஒரு இலை மாறியிருந்தாலும் நான் பொய்யன்தான்.”

இதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புநைதே உளியைக் கீழே வைத்தார்.

“வெட்டிய பிறகு செடி சும்மா இருக்குமா என்று கேளுங்கள்.”

“எங்க சும்மா இருக்கும்? வெட்டுன எடத்துக்குப் பக்கத்துலயே ரெண்டு குருத்து விடும். விடவிட நாங்க கிள்ளிப் போட்டுருவோம். இல்லாட்டி கங்காணி கத்துவாரு.”

“பித்தளையில் கங்காணி இல்லை” என்றார் அப்புநைதே.

மாரிமுத்து யோசித்தார். “கிள்ளுறதுக்கு முந்தி அப்படித்தான் இருக்கும். அது பொய்யில்ல. போடச் சொல்லுங்க.”

பிற்பகல் முழுவதும் உளிச் சத்தம். எதிரெதிரான இலைகள், அவற்றின் அடியில் கொத்தாகப் பழங்கள், தட்டையான வெட்டு, அதன் இருபுறமும் நகக்கண் அளவு இரண்டு குருத்துகள். இலைநரம்பு ஒன்று கூடிவிட்டதாக மாரிமுத்து ஒருமுறை குறை சொன்னார். கம்மாளர் முனகிக்கொண்டே தேய்த்து அழித்தார். வெயில் சாயும் நேரத்தில் கைப்பிடி அரக்கிலிருந்து வெளியே வந்தது.

நான் கலகெதரயில் தங்குவதாக இருந்ததால் மாரிமுத்துவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். இறங்கும்போது கேட்டேன், மனைவி வர மறுத்தால் என்ன செய்வார் என்று.

“வராட்டி, அதை அங்கயே வச்சிட்டு வந்துருவேங்கய்யா. பாக்கு சீவுறப்பவெல்லாம் கையில எடுப்பாள்ல” என்றார்.

விடிந்ததும் அம்பலத்துக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கல்லில் சூடு இருந்தது, ஆட்கள் இல்லை. யாரோடாவது பேசிக்கொண்டே காப்பி குடிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: மழை ஓய்ந்த தை, மாசி நல்லது. காலையிலேயே போனால் வேலையை முழுதாகப் பார்க்கலாம். சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். புதிய உருவம் வேண்டுமென்றால் வரைந்து எடுத்துப் போங்கள். நுனியை மட்டும் வெட்டாதீர்கள்.

புசல்லாவைப் பக்கம் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், தலை வெட்டிய காப்பிச் செடியில் இரண்டு குருத்து செதுக்கிய பாக்குவெட்டியால் பாக்கு சீவும் பெண் யாரையாவது கண்டால், பத்திரிகை விலாசத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.