அவளுக்குப் பதிலாக நடந்த மலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எங்கே பெரிய 'ற', எங்கே சின்ன 'ர' என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஹனூரை அடுத்த மார்டள்ளிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வாழை இலைக் கட்டின் மேல் சாக்பீஸால் போடும் எண்கள்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு உதவி செய்கிற எங்கள் குழுவில் ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று சிஸ்டரம்மா சொல்லி வெகு நாளாகிவிட்டது. மற்றவர்கள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டும் வராது என்று தப்பிக்கப் பார்த்தேன். "தமிழ்லயே எழுதுங்க. நான் வாசிக்கத் தெரிஞ்சவதான்" என்று வாயை அடைத்துவிட்டார்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டை ஒட்டி எனக்கு இலைக்கடை. விடியும் முன்பே கட்டுகள் வந்து இறங்கிவிடும். ஓட்டல்காரர்களும் சமையல் காண்டிராக்டர்களும் வாங்கிப் போய்விட்டால், பதினோரு மணிக்கு மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பேச்சும் எனக்கு அதிகம் கிடையாது. "எத்தனை?" என்பேன், எடுத்துக் கொடுப்பேன். பக்கத்துப் பூக்கடைக்காரர் என்னை 'ஊமை மகராஜா' என்று கூப்பிடுவார்.

சிஸ்டரம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். வரலட்சுமி பூஜைக்கு இலை வாங்க வந்தவர், "மத்தியானம் என்ன பண்றீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "அப்படின்னா ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி கியூவில நிக்கணும். அவ்வளவுதான். பேச வேண்டியதே இல்லை" என்றார். பேச வேண்டியதில்லை என்றதால்தான் சரி என்றேன். அப்படித்தான் சேர்ந்தேன்.

மாவு மில்லுக்கு மேலே ஓர் அறை. கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் சாயங்காலம் அங்கே படிப்பார்கள். ஒரு காலேஜ் வாத்தியார் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ஒரு மருந்துக் கடைக்காரர் மருந்து தருவார். பிள்ளைகளின் கண், காது, பல், காய்ச்சல் எல்லாவற்றையும் சிஸ்டரம்மா பார்ப்பார். பெற்றோர் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது என் வேலை. எனக்குக் 'கியூ மேனேஜர்' என்று பட்டம் வைத்தார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணை நான் முதலில் பார்த்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாள். அவர்களும் ஹனூர்ப் பக்கம்தான். அதனால் பேச்சு எங்கள் பேச்சு மாதிரியே இருக்கும். ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது மைசூரில். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு ஓடும்.

அவளுக்குத் தொண்டை வலியில் ஆரம்பித்துக் காய்ச்சல் வந்தது. பிறகு மூட்டு மூட்டாக வீங்கியது. அதுவும் போய், மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மறுபடி அந்தத் தொண்டைக் காய்ச்சல் வந்தால் வால்வு இன்னும் கெட்டுப்போகும். வராமல் இருக்க, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. பல வருஷம். ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஓட்டம், மலையேற்றம் எதுவும் கூடாது.

அந்த ஊசியை அவளுக்குப் போடவைப்பது என் பொறுப்பாயிற்று.

இடுப்பில் போடுவார்கள். கெட்டியான மருந்து, மெதுவாகத்தான் இறங்கும். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன், எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். "அங்கிள், ஊசி எனக்கா, உங்களுக்கா?" என்று கேலி செய்வாள். வெளியே வந்ததும் சுருமுரி, அதுதான் மசாலாப் பொரி, வாங்கித் தர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். வலியில் உட்கார முடியாமல் நின்றபடியே பொரியை மென்றுகொண்டு, என் கன்னடத்தைத் திருத்துவாள். வரிசையில் யாராவது, "நீங்க இந்தப் பொண்ணுக்கு யாரு?" என்று கேட்டால், "சும்மா, கூட வந்தவன்" என்பேன்.

இப்படியே ஒரு தடவைகூடத் தவறாமல் போயிற்று. அவள் பத்தாவதுக்கு வந்தாள். மூச்சு வாங்குவது நின்றது, முகத்தில் சதை பிடித்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவள் அம்மா மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்திருந்தார். புள்ள எழுந்துவிட்டால் தாளபெட்டா அடிவாரத்திலிருந்து அவளை நடத்தியே கூட்டிவருகிறேன் என்று. புள்ள எழுந்துவிட்டாள். சிவராத்திரியும் நெருங்கியது. நடந்து நேர்த்தியை முடித்துவிட்டால் சாமி பார்த்துக்கொள்வார், இனி ஊசி எதற்கு என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அடுத்த ஊசி சரியாக அந்த வாரத்தில்தான் வந்தது. அது முடிந்த சில வாரத்தில் பத்தாவது பரீட்சை.

அந்த மலைப்பாதை எனக்குத் தெரியும். காட்டுக்குள் ஏறி ஏறிப் போகும். நல்ல நெஞ்சுக்காரனுக்கே நெஞ்சு அடிக்கும்.

சிஸ்டரம்மா அவர்கள் குடியிருந்த ஷெட்டுக்குப் போனார். தாளில் இதயம் வரைந்து, வால்வு இது, ரத்தம் இப்படிப் போகிறது என்று விளக்கினார். அப்பா கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். மறுநாள் அந்தப் பெண் எங்கள் அறைக்கு வந்து, "அங்கிள், ஞாயிற்றுக்கிழமை கிளம்பறோம். ஊசிக்கு நான் வரல" என்றாள்.

"உனக்கும் போகணுமா?" என்றேன்.

"ஆமா. ஸ்கூல்ல விளையாட்டு பீரியட்ல எல்லாரும் ஓடுவாங்க, நான் பை காவல். இந்த ஒரு தடவையாவது எல்லாரும் நடக்கறப்ப நானும் நடக்கறேனே" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிஸ்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க போயிப் பேசுங்க. உங்க ஊர்க்காரங்க" என்றார். பேச வேண்டியதே இல்லை என்று சொல்லித்தானே என்னைச் சேர்த்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கவும் வாய் வரவில்லை.

சாயங்காலம் போனேன். அவர்கள் தகர ஷெட்டுக்கு வெளியே சிமெண்டு மூட்டை மேல் என்னை உட்கார வைத்தார்கள். அம்மா டீ கொடுத்தார். நான் குடித்தேன். இன்னொரு டீ கொடுத்தார். அதையும் குடித்தேன். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு அவராகவே தொடங்கினார்.

"ஏனுங்கண்ணா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியுது. புள்ள நல்லாத்தானே இருக்கா? எத்தன வருசந்தான் குத்துவாங்க? சாமிக்கு வாக்குக் குடுத்தாச்சு. நடக்காம உட்டா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரக் கேக்கறது?"

அவர் சொன்னதில் தப்பு எனக்கும் தெரியவில்லை. அந்த மலைச்சாமியைக் கும்பிட்டு வளர்ந்தவன்தான் நானும். வால்வு பற்றி என்னால் விளக்க முடியாது. எனக்குத் தெரிந்தது கடையில் செய்கிற ஒன்றுதான்: நீ இதைக் கொடு, நான் அதைக் கொடுக்கிறேன். அதையே சொன்னேன்.

"அவளுக்குப் பதிலா நான் நடக்கறேன். அவ ஊசி போட்டுக்கட்டும்."

அப்பா ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "ஏ, இங்க பாரு! எலைக்காரரு சாமிகிட்டயே பேரம் பேசறாரு!"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அடுப்பருகே நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"கண்டவங்க நடந்தா ஆகாது" என்றார். "தாய்மாமன் நடந்தா ஆகும். காது குத்தறதுக்கு மடி குடுக்கறவன் மாமன்தானே. எனக்குக் கூடப் பொறந்தவன் யாருமில்ல." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க எனக்கு அண்ணனா நடப்பீங்களா?" என்று கேட்டார்.

"நடக்கறேம்மா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

அப்பா கொஞ்ச நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். "சரி. ஆனா புள்ள மேல வந்து சாமியப் பாக்கோணும். பஸ்ஸுல."

"பஸ்ஸுல" என்றேன். "ஊசி போட்ட பொறகு."

"அதயும் உடமாட்டேங்கறீங்களே!" என்று அவர் மறுபடி சிரித்தார். பேரம் முடிந்தது.

அந்தப் பெண் மட்டும் உள்ளேயிருந்து கோபமாகக் கேட்டாள், "என்னை யாருமே கேக்கலியா?" அவள் கேட்டதும் நியாயம்தான். அவளிடம் போய், "நீ நடந்தா ஒரு நாள் நடப்பே. ஊசி போட்டா காலமெல்லாம் நடப்பே. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றேன். மறுநாள் ஊசி போட ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் வழியாகத் தாளபெட்டா போய் அவள் அம்மாவும் நானும் இறங்கினோம். அப்பாவும் பெண்ணும் அதே பஸ்ஸில் மேலே போனார்கள். அவள் ஜன்னலோரம் அறிவியல் புத்தகத்தோடு, ஊசி போட்ட பக்கம் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தோம்.

இலைக்கட்டு தூக்கின உடம்பு, இதெல்லாம் ஒரு நடையா என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். முதல் ஏற்றத்திலேயே முழங்கால் சத்தம் போட்டது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் "உகே மாதப்பா!" என்று சாமி பேரைக் கூவிக்கொண்டு போனார்கள். எனக்குக் கூவ வெட்கம். உதட்டை மட்டும் அசைத்தேன். மோர் கொடுக்கிற இடத்தில் ஒருவர், "பெரியவரே, கால் இப்படி வீங்கியிருக்கே, யாருக்காக வேண்டுதலுங்க?" என்று கேட்டார். எங்கே போனாலும் இந்த 'யாரு' கேள்வி என்னை விடாது போலிருக்கிறது.

"என் தங்கச்சி மகளுக்கு" என்றேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு என் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தார். அடுத்த திருப்பத்தில் எல்லாரும் கூவியபோது நானும் கூவினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் பெண்ணும் காத்திருந்தார்கள். என் பாதத்தில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அப்பா ஓடிப்போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து என் காலில் ஊற்ற ஆரம்பித்தார். நான் கூச்சத்தில் காலை இழுத்தேன்.

"ஊசி போடறப்ப சுவத்தப் பாப்பீங்கல்ல, அதே மாதிரி அந்தப் பக்கம் பாருங்க மாமா" என்றாள் அந்தப் பெண்.

அதுவரை அங்கிள்தான். அன்றுதான் மாமா.

மார்ச் மாதம் பரீட்சை எழுதினாள். ரிசல்ட் வந்த அன்று அவள் நேராகக் கடைக்கு வந்து, மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாமா, ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று கத்தினாள். நான் இலைக்கட்டுக்குப் பின்னால் போய் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பூக்கடைக்காரர், "ஊமை மகராஜா, வெளிய வாங்க, உங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கு!" என்று ஒரு முழம் மல்லிகையை அவள் கையில் கொடுத்தார். அன்று யாருக்கு எத்தனை இலை கொடுத்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

அவள் பி.யூ.சி.யில், அதாவது பதினொன்றாவதில், சேர்ந்தபின் இதயத்தை ஸ்கேன் எடுக்கப் போனோம். எனக்கு அதுதான் உண்மையான பரீட்சை. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் சுவரைப் பார்த்தேன். கடைசியில் அவர், வால்வு போன தடவை இருந்த மாதிரியே இருக்கிறது, கொஞ்சமும் மோசமாகவில்லை, ஊசி தவறாமல் போட்டதால்தான், இப்படியே தொடருங்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளும் கன்னடத்திலேயே சொன்னாள், "நம்ம மாவா."

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் வெளியே வந்து சுருமுரி வாங்கினோம். அன்று ஊசி இல்லாததால் இரண்டு பேரும் உட்கார்ந்தே சாப்பிட்டோம்.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, இலைக்குக் கிராக்கி இல்லை. அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது. வருகிற புதன்கிழமை அவளுக்கு அடுத்த ஊசி. கடையைச் சீக்கிரம் மூட வேண்டும்.

எழுதியது: ஆடி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.