எந்த மருந்து?

இரண்டாவது குழந்தை தள்ளிப்போகவே, திருவண்ணாமலையில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். விவசாயியான என் கணவரைப் பரிசோதித்தவர், "உயிரணு கம்மியா இருக்குங்க. இனிமே மருந்தைத் தொடாதீங்க" என்றார். அன்றே கணவரின் இருமல் மருந்தைக் கீழே கொட்டிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது, "ஒரு சொட்டுகூட குடுக்கல டாக்டர்" என்றேன் பெருமையாக.

"ஆமாங்க, நேத்து மல்லாட்டைப் பயிருக்கு மருந்து அடிக்கிறப்பகூட இருமிக்கிட்டேதான் அடிச்சேன்" என்றார் இவர்.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் சொன்னதே அந்தப் பூச்சிமருந்தைத்தாம்மா."

இப்போது பயிருக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்தான். குழப்பமே வேண்டாமென்று பூச்சிமருந்தை வீட்டில் விஷம் என்றே சொல்கிறோம். "எங்கப்பா விஷம் அடிக்கிறத விட்டுட்டாரு" என்று மகள் தெருவெல்லாம் சொல்லிவிட, 'அது குடிக்கிற விஷமில்லை' என்று வயிற்றுப் பிள்ளையோடு நான்தான் வீடு வீடாகப் போய் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.